தேர்தல் நேர்மையாக நடந்தது என்று எதைப் பார்த்துச் சொல்வது?

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளும் ஏப்ரல் 19 அன்று வாக்களித்தன. பெங்களூர் ஏப்ரல் 26 அன்று வாக்களித்தது. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களிலும், வேலைக்காக அண்மையில் வந்து குடியேறியவர்களின் வீடுகளிலும், அந்த ஒரு வார இடைவெளி ஒரு கேள்வியை எழுப்பியது. சொந்த ஊரிலும் இங்கும் பெயர் வைத்திருக்கும் ஒருவர் இரண்டு இடங்களிலும் வாக்களித்துவிட்டால் அதை யார் கண்டுபிடிப்பார்கள்? சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் ஒருவரின் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் பதிவாவதைத் தடை செய்கிறது. 1951ஆம் ஆண்டின் சட்டம், ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் வாக்களித்தால் அவருடைய எல்லா வாக்குகளும் செல்லாது என்கிறது. ஆனால் ரகசியமாகப் பதிவாகி மற்ற வாக்குகளோடு கலந்துவிட்ட ஒரு வாக்கை, அது யாருடையது என்று தனியே பிரித்தெடுக்க வழியில்லை. விதி எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டு முடித்துவிடாமல், அது மீறப்பட்டால் மீறல் வெளியே தெரிய வழி இருக்கிறதா என்றும் கேட்கும்போதுதான் தேர்தல் கண்காணிப்பு தொடங்குகிறது.

கண்காணிப்பு என்றதும் கழுத்தில் அடையாள அட்டையோடு வாக்குச்சாவடி வாசலில் நிற்கும் வெளிநாட்டவர்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறார். அது இந்தப் பணியின் மிகச் சிறிய பகுதி. 2005 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் அவையில் பல பன்னாட்டு அமைப்புகள் கூடி ஏற்றுக்கொண்ட கோட்பாடுகளின்படி, ஒரு தேர்தலின் சட்டங்கள், நடைமுறைகள், அமைப்புகள் பற்றிய தகவல்களை முறையாகத் திரட்டி, எந்தப் பக்கமும் சாராமல் ஆராய்ந்து, கண்டறிந்ததை வெளியிடுவதே கண்காணிப்பு. கண்காணிப்பவர் தலையிடக் கூடாது. தவறு நடப்பதைக் கண்டால் குறித்துக்கொள்ளலாம், அதிகாரியின் கவனத்துக்குக் கொண்டு போகலாம். வாக்குப்பதிவை நிறுத்தவோ தேர்தல் செல்லாது என்று அறிவிக்கவோ அவருக்கு அதிகாரம் கிடையாது. அவை தேர்தல் ஆணையமும் நீதிமன்றமும் செய்ய வேண்டியவை.

அவர் பார்க்க வேண்டியவை நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஆயினும் அவற்றை எல்லாம் ஒரே கேள்விக்குள் கொண்டுவர முடியும் என்பது என் கருத்து. தோற்றுப்போன வேட்பாளர், ஆட்சியில் இருப்பவரையோ அதிகாரியையோ நம்பித்தான் தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல், தன் கைக்கு வந்த தாள்களைக் கொண்டே முடிவைச் சரிபார்த்துக்கொள்ள முடிகிறதா? வென்றவர் எந்தத் தேர்தலையும் நேர்மையானது என்றுதான் சொல்வார். தோற்றவர் சரிபார்க்க இயலாத தேர்தல் உண்மையில் நேர்மையாக நடந்திருந்தாலும், அதை நிரூபிக்க யாராலும் முடியாது.

முதலில் சரிபார்க்க வேண்டியது வாக்காளர் பட்டியல். அனுபவமுள்ள கண்காணிப்புக் குழுக்கள் வாக்குப்பதிவுக்குப் பல மாதங்கள் முன்பே இதில் இறங்குகின்றன. பட்டியலில் இரண்டு விதமான பிழைகள் நேரலாம்: ஆள் இல்லாமல் பெயர் இருப்பது, ஆள் இருந்தும் பெயர் இல்லாதிருப்பது. இந்த இரண்டையும் ஒரே சோதனையால் பிடிக்க முடியாது. பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் சில பெயர்களை எடுத்துக்கொண்டு, அந்த முகவரிக்குப் போய், இப்படி ஒருவர் இங்கே இருக்கிறாரா என்று விசாரிப்பது முதல் சோதனை. இறந்தவர்களும் இடம் பெயர்ந்தவர்களும் இரட்டைப் பதிவுகளும் இதில் தெரியவரும். அடுத்த சோதனை எதிர்த்திசையில் நடக்கிறது. குலுக்கலில் விழுந்த ஒரு தெருவுக்குப் போய், அங்கே குடியிருக்கும் வயது வந்தவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு, அவை பட்டியலில் இருக்கின்றனவா என்று தேட வேண்டும். விடுபட்டவர்கள் இந்தச் சோதனையில்தான் கிடைப்பார்கள். போலிப் பெயர்களைப் பற்றி உரக்கப் பேசுபவர்கள் பெரும்பாலும் முதல் சோதனையோடு நின்றுவிடுகிறார்கள். விடுபட்டவருக்காகப் பேச அங்கே எவரும் இல்லாததால், இரண்டாவது சோதனைக்கு இன்னும் கூடுதல் அக்கறை வேண்டும் என்று நினைக்கிறேன்.

பெங்களூர் போன்ற ஒரு நகரில் இரண்டு பிழைகளும் சேர்ந்தே வளர்கின்றன. பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர், பழைய முகவரியில் பட்டியலில் நீடிப்பார். புதிய முகவரியில் அவர் பெயர் இருக்காது. 2024இல் பெங்களூர் வடக்கு, மத்திய, தெற்கு ஆகிய மூன்று தொகுதிகளிலும் வாக்குப்பதிவு 54 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் இந்நகரத்தார் சோம்பேறிகள் என்ற பழி எழுகிறது. பட்டியலில் இருப்பவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே அந்த முகவரியில் வசிக்கிறார்கள் என்று தெரியாமல் அந்த விழுக்காட்டை வைத்து யாரையும் குறை சொல்வது நியாயமில்லை.

பட்டியலைத் திருத்தும் வேலையையும் கண்காணிக்க வேண்டியிருக்கிறது. 2022 நவம்பரில் பெங்களூரில் வாக்காளர் விழிப்புணர்வுப் பணிக்கு அனுமதி பெற்றிருந்த ஒரு தனியார் அமைப்பு, வீடு வீடாகச் சென்று வாக்காளர்களின் விவரங்களைத் திரட்டியதாகப் புகார் எழுந்தது. அதையடுத்துச் சிவாஜிநகர், சிக்கப்பேட்டை, மகாதேவபுரா ஆகிய மூன்று சட்டமன்றத் தொகுதிகளில் நடந்த சேர்ப்புகளையும் நீக்கங்களையும் மறுபடி முழுமையாகச் சரிபார்க்கத் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. 2025இல் பீகாரில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லாமல் போனபோது, நீக்கப்பட்டவர்களின் பெயர்களைக் காரணத்தோடு வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 14 அன்று ஆணையிட்டது. கண்காணிப்பின் நோக்கில் அது மிக முக்கியமான ஆணை. இருக்கும் பெயர்களை மட்டும் வெளியிட்டால், காணாமல் போனவர் தன் பெயரைத் தானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நீக்கங்களும் வெளிவந்தால் ஒரு தெருவையோ ஒரு சமூகத்தையோ குறிவைத்து நீக்கம் நடந்திருக்கிறதா என்பதை மூன்றாம் மனிதரும் ஆராய முடியும்.

கணினியில் தேடிப் பகுத்துப் பார்க்கக்கூடிய வடிவில் பட்டியலைத் தர வேண்டும் என்ற கோரிக்கையும் இதைச் சேர்ந்ததே. வாக்காளரின் தனியுரிமையைக் காரணம் காட்டி ஆணையம் இதை மறுத்து வந்தது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அந்த நிலையை ஏற்றுக்கொண்டது. 2025 ஆகஸ்டில் மகாதேவபுராவின் பட்டியலில் போலிப் பதிவுகள் இருப்பதாக மக்களவை எதிர்க்கட்சித் தலைவர் குற்றம் சாட்டியதும் ஆணையம் அதை மறுத்ததும் யாவரும் அறிந்தவை. அந்தச் சர்ச்சையில் தீர்ப்புச் சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. ஆனால் இரு தரப்பும் முன்வைக்கும் கூற்றை ஒரு சாதாரணக் குடிமகன் தானே சோதித்துப் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதை அது வெளிப்படுத்தியது. தனியுரிமை முக்கியமே, ஆயினும் பல்லாயிரம் பக்கங்களைத் தாள் தாளாகப் புரட்டினால்தான் இரட்டைப் பதிவு தெரியும் என்ற நிலை யாருக்கும் நன்மை செய்யாது.

பிரச்சாரக் காலத்தைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனெனில் தமிழ் வாசகருக்குப் பணப்பட்டுவாடாவைப் பற்றி விளக்கத் தேவையில்லை. 2019இல் பெருந்தொகை பிடிபட்டதால் வேலூர் மக்களவைத் தொகுதியின் தேர்தலே ரத்தாகி, பின்னர் ஆகஸ்டில் நடந்தது. பெரிய மாநிலங்களில் ஒரு மக்களவை வேட்பாளர் 95 லட்சம் ரூபாய் வரை செலவிடலாம் என்பது 2024இல் இருந்த வரம்பு. கட்சியின் செலவுக்கு வரம்பே கிடையாது. இந்த இடைவெளி இருக்கும்வரை செலவுக் கணக்கைக் கண்காணிப்பது பாதி வேலையாகவே இருக்கும்.

வாக்குப்பதிவு நாளில் யார் யார் கண்காணிக்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறுபடுகிறது. இலங்கையில் பாஃப்ரல் போன்ற உள்நாட்டு அமைப்புகள் பல பத்தாண்டுகளாக நாடெங்கும் தன்னார்வலர்களை அனுப்புகின்றன. ஐரோப்பிய ஒன்றியமும் அழைப்பின் பேரில் குழு அனுப்பியிருக்கிறது. அத்தகைய குழுவில் நீண்டகாலக் கண்காணிப்பாளர்கள் பல வாரங்கள் முன்பே வந்து மாவட்டங்களில் தங்குகிறார்கள். குறுகியகாலக் கண்காணிப்பாளர்கள் இருவர் இருவராக, வாக்குப்பதிவு நாளில் சாவடி சாவடியாகச் சென்று, ஒரே மாதிரியான கேள்விப் படிவத்தை நிரப்பி அனுப்புகிறார்கள். இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே தேர்தல் பார்வையாளர் என்று அழைக்கப்படுபவர் தேர்தல் ஆணையமே அனுப்பும் அரசு அதிகாரி. பொதுப் பார்வையாளர், காவல் பார்வையாளர், செலவினப் பார்வையாளர் என்று அவர்களில் வகைகள் உண்டு. 1996இல் சேர்க்கப்பட்ட சட்டப்பிரிவின்படி, சாவடி கைப்பற்றல் போன்றவை நடந்திருந்தால் வாக்கு எண்ணிக்கையையோ முடிவு அறிவிப்பையோ நிறுத்தி வைக்கச் சொல்லும் அதிகாரமும் அவர்களுக்கு இருக்கிறது. வெளிநாட்டுத் தேர்தல் அதிகாரிகளை ஆணையம் விருந்தினராக அழைத்துக் காட்டுகிறது. அது கண்காணிப்பு ஆகாது. குடிமக்கள் அமைப்புகளுக்கோ சாவடிக்குள் நுழையப் பொதுவான உரிமை இல்லை.

ஆகவே இந்தியாவில் கட்சிச் சார்பற்ற குடிமகனின் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் வேட்பாளரின் வாக்குச்சாவடி முகவர், அதாவது பூத் ஏஜென்ட். அவர் ஒரு தரப்பைச் சார்ந்தவர்தான். ஆனால் எதிரெதிர்த் தரப்புகளின் முகவர்கள் ஒரே மேசைக்கு அருகில் உட்கார்ந்திருப்பதே ஒருவரை ஒருவர் கண்காணிக்கும் ஏற்பாடு. வாக்குப்பதிவு தொடங்குவதற்கு 90 நிமிடங்கள் முன்பு அவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகள் கொண்ட மாதிரி வாக்குப்பதிவு நடக்கும். அந்த எண்ணிக்கையை, பதிவான வாக்கைத் தாளில் அச்சிடும் விவிபாட் கருவியின் சீட்டுகளோடு ஒப்பிட்ட பின், வாக்குப்பதிவுக் கருவியில் பதிவானதை அழித்து, சீட்டுகளையும் வெளியே எடுத்து உறையிட்டு, முத்திரை வைக்க வேண்டும். பிறகு வாக்காளர் ஒவ்வொருவரும் வரும்போது பட்டியலில் பெயரைப் பார்த்து, இடது கை ஆள்காட்டி விரலில் ஏற்கெனவே மை இருக்கிறதா என்று சோதித்து, புதிய மையிட்டு, 17ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிறார்கள். தொடக்கத்தில் கேட்ட இரட்டை வாக்குக் கேள்விக்குச் சாவடி அளவில் இருக்கும் விடை அந்த விரல் சோதனைதான். 1962 முதல் மைசூரில் தயாராகி வரும் அந்த மை, நகத்தில் ஒரு வாரத்துக்குள் மறைந்துவிடுவதில்லை. அதிகாரி உண்மையாகவே விரலைப் பார்க்கிறாரா என்று முகவர் கவனிக்கிறாரா என்பதில்தான் அந்தக் காப்பு நிற்கிறது.

மாலையில் வாக்குப்பதிவு முடிந்ததும் கையில் கிடைக்க வேண்டிய தாள் 17சி படிவம். ஒரு தொடக்க வாசகர் இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு பெயரை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், அது இதுவாக இருக்கட்டும் என்று விரும்புகிறேன். அந்தச் சாவடியில் எத்தனை வாக்காளர்கள், 17ஏ பதிவேட்டின்படி வாக்களித்தவர் எத்தனை பேர், கருவி காட்டும் மொத்த வாக்கு எத்தனை, எந்த எண்ணுடைய கருவி, எந்த எண்ணுடைய முத்திரை என்பவை அதில் இருக்கும். தலைமை அலுவலர் கையெழுத்திட்ட அதன் நகலை, அங்கே இருக்கும் ஒவ்வொரு முகவருக்கும் தர வேண்டும் என்பது விதி. எண்ணும் நாளில், வாக்குகள் பதிவாகியிருக்கும் கட்டுப்பாட்டுக் கருவி மேசைக்கு வரும்போது, அதன் எண்ணும் முத்திரையும் மொத்த வாக்கும் இந்தத் தாளோடு ஒத்துப் போகின்றனவா என்று எண்ணிக்கை முகவர் பார்க்க வேண்டும். இடையில் பாதுகாப்பு அறையில் கருவி இருந்த நாட்களில் என்ன நடந்தது என்ற சந்தேகத்துக்கு, காவலரின் வாக்குறுதியைவிட இந்த ஒப்பீடு உறுதியான பதில். கடைசியில் சாவடி வாரியாக ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்குகள் 20ஆம் படிவத்தில் வெளிவருகின்றன. 17சியின் மொத்தமும் 20ஆம் படிவத்தின் அதே சாவடியின் மொத்தமும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் எழுத்து மூலமான காரணம் இருக்க வேண்டும். மாதிரி வாக்குகளை அழிக்க மறந்துவிடுவதாலும் எண்களைப் பிழையாக எழுதுவதாலும் வேறுபாடு வருவதுண்டு என்பதால், ஒவ்வொரு வேறுபாட்டையும் மோசடி என்று கூவுவதும் தவறு.

கென்யாவில் இதே தாளின் பெயர் 34ஏ படிவம். அந்த நாட்டின் அனுபவம் இந்தத் துறையில் எல்லாருக்கும் பாடம். 2017 ஆகஸ்டில் நடந்த அதிபர் தேர்தலை முக்கியப் பன்னாட்டுக் குழுக்கள் வாக்குப்பதிவு நாளின் அமைதியைப் பார்த்துப் பெருமளவு பாராட்டின. செப்டம்பர் 1 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதே தேர்தலை ரத்து செய்தது. சாவடிகளின் படிவங்கள் அனைத்தும் வந்து சேரும் முன்பே முடிவு அறிவிக்கப்பட்டது, சில படிவங்களில் பாதுகாப்பு அடையாளங்கள் இல்லை, கணினி வழங்கிகளை (சர்வர்களை) சோதிக்க நீதிமன்றம் சொன்னபோது ஆணையம் முழுமையாக ஒத்துழைக்கவில்லை என்பவை காரணங்கள். சாவடிக்கு வெளியே நின்ற வரிசை ஒழுங்காக இருந்தது; எண்கள் தலைநகருக்குப் பயணம் செய்த வழியில்தான் குறை இருந்தது. அந்த வழியில் நிற்கக் கண்காணிப்பாளர்களில் போதுமானவர்கள் இல்லை. 2022 தேர்தலில் ஆணையம் 46,000க்கும் மேற்பட்ட சாவடிகளின் 34ஏ படிவங்களைப் படமெடுத்து எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்தது. ஊடகங்களும் கட்சிகளும் குடிமக்களும் தாங்களே கூட்டிப் பார்த்தார்கள். அந்த முடிவும் நீதிமன்றத்துக்குப் போனது. இம்முறை நீதிபதிகள் ஒருமனதாக அதை உறுதி செய்தார்கள்.

எல்லாச் சாவடிகளின் தாள்களும் கிடைக்காத இடங்களில் குழுக்கள் இணை எண்ணிக்கை என்ற முறையைக் கையாள்கின்றன. 1986இல் பிலிப்பைன்ஸில் அதிபர் மார்க்கோஸ் நடத்திய தேர்தலில், நாம்ஃப்ரல் என்ற குடிமக்கள் அமைப்பு தன்னார்வலர்களைக் கொண்டு சாவடி முடிவுகளைத் தனியே திரட்டி வெளியிட்டது. அதிகாரப்பூர்வக் கணினிக் கூடத்தில் பணியாற்றியவர்களில் பலர், தாங்கள் பார்க்கும் எண்களும் வெளியே அறிவிக்கப்படும் எண்களும் வேறாக இருக்கின்றன என்று சொல்லி எழுந்து வெளியேறியதும் அப்போதுதான். இன்று இம்முறை பெரும்பாலும் மாதிரிச் சாவடிகளைக் கொண்டு செய்யப்படுகிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்வது, பானை முழுதும் ஒரே சூட்டில் வெந்திருப்பதால் சரியாகிறது. சாவடிகள் அப்படி இல்லை. ஒரு தெரு ஒரு கட்சிக்கும் அடுத்த தெரு இன்னொரு கட்சிக்கும் வாக்களிக்கும். ஆகவே வசதியான சாவடிகளைத் தேர்ந்தெடுக்காமல் குலுக்கலில் எடுத்தால்தான் மாதிரி செல்லுபடியாகும். குலுக்கல் சரியாக இருந்தால், நாடு முழுதும் ஒரே போட்டியாக நடக்கும் அதிபர் தேர்தலுக்குச் சில நூறு முதல் ஓரிரு ஆயிரம் சாவடிகளே போதும். மக்களவைத் தேர்தல் 543 தனித்தனிப் போட்டிகள் என்பதால் இம்முறையை அப்படியே இங்கே பொருத்த முடியாது.

விவிபாட் சீட்டுகளை எண்ணும் விஷயத்திலும் இதே கணக்கு வருகிறது. 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் ஐந்து சாவடிகளின் சீட்டுகள் எண்ணப்படுகின்றன. கர்நாடகத்தில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் எட்டுச் சட்டமன்றப் பகுதிகள் இருப்பதால் அது 40 சாவடிகள். ஒரு தொகுதியின் சாவடிகளில் பத்தில் ஒரு பங்கில் கோளாறு இருந்தால், குலுக்கலில் எடுத்த 40இல் ஒன்றாவது அகப்படும் வாய்ப்பு 98 விழுக்காட்டுக்கு மேல். கோளாறு நூற்றுக்கு இரண்டு சாவடிகளில் மட்டும் இருந்தால், அந்த வாய்ப்பு 55 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். பெரிய வித்தியாசத்தில் வென்ற தொகுதிக்கு இந்த 40 தாராளமாகப் போதும். சில நூறு வாக்குகளில் முடிவான தொகுதிக்குப் போதாது. வித்தியாசம் குறையக் குறைய எண்ணும் சாவடிகளைக் கூட்டுவதே அறிவுக்குப் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. நூறு விழுக்காடு எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ஏற்கவில்லை. இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் முடிவு வந்த ஏழு நாட்களுக்குள் கேட்டால், ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் ஐந்து விழுக்காடு கருவிகளின் நுண்கட்டுப்படுத்திகளை, அதாவது கருவியை இயக்கும் சில்லுகளை, சோதிக்க அது வழி செய்தது. அந்தக் கருவிகளைத் தயாரிக்கும் இரண்டு பொதுத்துறை நிறுவனங்களில் ஒன்றான பாரத் எலக்ட்ரானிக்ஸ் பெங்களூரின் ஜாலஹள்ளியில்தான் இருக்கிறது.

இங்கே வாழும் ஒருவர் இதில் எதைச் செய்யலாம் என்றால், முதலில் ஏதேனும் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து மற்ற ஊரின் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க வேண்டும். வீடு மாறியவர் 8ஆம் படிவத்தில் முகவரியை மாற்றலாம். ஒரு பெயர் இருக்கக் கூடாது என்று ஆட்சேபிக்க 7ஆம் படிவம் இருக்கிறது. அதைத் தவறாகப் பயன்படுத்தி அடுத்தவரின் வாக்கைப் பறிப்பவர்களும் உண்டு என்பதால், வரைவுப் பட்டியல் வெளிவரும் ஒவ்வொரு முறையும் தன் பெயரையும் தன் தெருவின் பெயர்களையும் பார்த்துவிடுவது நல்லது. கட்சி ஈடுபாடு உள்ளவர்கள் முகவராக உட்கார்ந்தால், 17சி நகலை வாங்காமல் சாவடியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. ஈடுபாடு இல்லாதவர்கள், தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் வெளியாகும் 20ஆம் படிவத்தில் தங்கள் சாவடியைத் தேடி எடுத்துப் பார்க்கலாம். முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத் தொடுக்க வேட்பாளருக்கும் அத்தொகுதியின் வாக்காளருக்கும் உரிமை உண்டு. அதற்கு முடிவு வெளியான நாளிலிருந்து 45 நாட்களே அவகாசம்.